உள்ளறைக் கதவு

தெருவில் எல்லா வீட்டுக்கும் முறைவைத்து வருகிறது ஜெபக்கூட்டம். அந்த வீட்டிலேயே இருக்கும் ஒருவருக்கு மட்டும் அதில் இடமில்லை.

மாதத்தில் ஒரு மாலை. தெருவிலுள்ள இருபது முப்பது கத்தோலிக்கக் குடும்பங்களில் ஒன்றின் முன்னறையில் பாய் விரிக்கப்படுகிறது. வயதானவர்களுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து நாற்காலி வருகிறது. சிறு மேஜையில் சிலுவை, மெழுகுவர்த்தி, விவிலியம். பாட்டு, வாசகம், கருத்துப் பகிர்வு, மன்றாட்டு, கடைசியில் சுண்டலும் டீயும். யார் யார் வந்தார்கள், அடுத்த கூட்டம் யார் வீட்டில் என்று பொறுப்பாளர் நோட்டில் குறித்துக்கொள்ள, கூட்டம் கலைகிறது. தமிழகத்துப் பங்குகளில் இதற்கு அன்பியம் என்று பெயர். கேரளத்தில் குடும்பக் கூட்டாய்ம. மும்பையிலும் பெங்களூரிலும் சிறு கிறிஸ்தவ சமூகம். புராட்டஸ்டன்ட் சபைகளில் வீட்டு ஜெபக்கூட்டம் அல்லது செல் குரூப். பெயர்தான் வேறு, பாயும் பாட்டும் டீயும் ஒன்றுதான்.

இப்படிக் கூட்டம் நடக்கும் வீடுகளில் சிலவற்றில் உள்ளறைக் கதவு மட்டும் சாத்தியிருக்கும். உள்ளே டிவி ஓடும் சத்தம் லேசாகக் கேட்கும். வீட்டம்மா இடையிடையே எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வருவார். உள்ளே இருப்பது அவருடைய மகனாக இருக்கலாம், மகளாக இருக்கலாம். வயது முப்பதைத் தாண்டியிருக்கும்; நாலைந்து சொற்களுக்கு மேல் பேச்சு வராது. வந்திருக்கும் எல்லோருக்கும் இது தெரியும். யாரும் கேட்பதில்லை. கேட்காமலிருப்பதே நாகரிகம் என்று வந்தவர்கள் நினைக்கிறார்கள். வந்தவர்களுக்குத் தொந்தரவு கூடாது என்று வீட்டார் நினைக்கிறார்கள். யாரும் கொடுமை செய்யவில்லை. ஆனால் கதவு சாத்தித்தான் இருக்கிறது.

சின்னக் குழுக்கள் ஏன் தொடங்கப்பட்டன என்பதை நினைத்தால் இது விசித்திரமாகப் படும். ஞாயிறு பூசைக்கு ஆயிரம் பேர் வரும் கோயிலில் பக்கத்தில் முழந்தாளிட்டிருப்பவர் பெயர்கூடத் தெரியாது. அந்தக் குறையைப் போக்கத்தான் 1960களிலும் 70களிலும் லத்தீன் அமெரிக்காவில் அடித்தளச் சமூகங்கள் எழுந்தன. 1990இல் இந்தோனேசியாவின் பாண்டுங்கில் கூடிய ஆசிய ஆயர்கள், திருச்சபை என்பது சமூகங்களின் சமூகமாக இருக்க வேண்டும் என்றார்கள். ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைக்கும் அளவுக்குச் சிறிய குழு: இதுதான் அடிப்படை எண்ணம். அப்படிப்பட்ட குழுவிலும் ஒருவர் பெயர் சொல்லி அழைக்கப்படாமல் இருக்கிறார்.

இதற்குக் காரணம் மனிதர்களின் கல்நெஞ்சம் என்று சொல்லிவிட முடியாது. கூட்டம் நடத்தப்படும் முறையைப் பார்க்க வேண்டும். தென்னாப்பிரிக்காவின் லும்கோ நிறுவனம் வகுத்த ஏழு படி நற்செய்திப் பகிர்வு முறை ஆசியா முழுவதும் பரவியிருக்கிறது. ஆண்டவரை அழைப்பது முதல் படி. பகுதியை வாசிப்பது இரண்டாவது. மனதைத் தொட்ட சொல்லையோ தொடரையோ எடுத்து ஒவ்வொருவராக உரக்கத் திரும்பச் சொல்வது மூன்றாவது. மௌனம் நான்காவது. அனுபவத்தைப் பகிர்வது ஐந்தாவது. செய்ய வேண்டிய பணியைப் பேசி முடிவெடுப்பது ஆறாவது. மனதில் தோன்றியபடி ஜெபிப்பது ஏழாவது.

ஏழு படிகளையும் பொறுமையாகப் படித்தால் ஒன்று புரியும். அறிவுசார் குறைபாடு உள்ள ஒருவர் பங்கெடுக்க முடியாத படிகள் இதில் அதிகம் இல்லை. ஒரு சொல்லைத் திரும்பச் சொல்ல அவருக்கு முடியலாம். மௌனமாக இருக்கப் பலரைவிட நன்றாகவே முடியலாம். ஒரு பணியை ஏற்றுச் செய்ய முடியலாம். ஆனால் நடைமுறையில் மூன்றாம் படியும் நான்காம் படியும் இரண்டு நிமிடத்தில் ஓடிவிடுகின்றன. மௌனம் யாருக்கும் வசதியாக இல்லை. மீதி நேரமெல்லாம் ஐந்தாம் படியில் போகிறது. அங்கே ரிடயரான ஆசிரியரோ நன்றாகப் பேசத் தெரிந்த இளைஞரோ ஒரு சிறு பிரசங்கம் செய்கிறார். மற்றவர்கள் தலையாட்டுகிறார்கள். பேச்சே வழிபாடாகிவிட்ட இடத்தில் பேசத் தெரியாதவருக்கு வேலையில்லை. அவர் மட்டுமல்ல, எழுத்தறியாத பாட்டியும் கூச்ச சுபாவமுள்ள மருமகளும்கூட அங்கே பார்வையாளர்கள்தான். சாத்திய கதவுக்குள் இருப்பவர் இந்தக் கோளாறின் கடைசி எல்லை.

இதற்குப் பின்னால் பழைய ஒரு சமயச் சிக்கலும் இருக்கிறது. விசுவாசம் என்பது அறிந்து ஏற்பது என்றால், அறிய இயலாதவரை என்ன செய்வது? 1910இல் பாப்பரசர் பத்தாம் பயஸ், சிறுவர்கள் ஏறக்குறைய ஏழு வயதிலேயே நற்கருணை பெறலாம் என்று வழிதிறந்தார். அதற்கு அவர் கேட்டது பெரிய மறைக்கல்வி அல்ல. நற்கருணை அப்பத்தைச் சாதாரண அப்பத்திலிருந்து வேறுபடுத்தி அறிந்தால் போதும். ஆனால் இதே வரையறைதான் பல இடங்களில் நாற்பது வயது மனிதரின் முன் தடையாக நின்றது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 99ஆம் விதி, பகுத்தறிவை வழக்கமாகப் பயன்படுத்த இயலாதவரைக் குழந்தைகளுக்குச் சமமாக வைக்கிறது. ஒரு பங்குத்தந்தை தயங்காமல் நற்கருணை தருவார்; மாற்றலாகி வரும் அடுத்தவர் "இவனுக்கு என்ன புரியும்?" என்று தாயைக் கேட்பார். புராட்டஸ்டன்ட் சபைகளிலும் நிலைமை வேறல்ல. திடப்படுத்தலுக்கும் முழுக்கு ஞானஸ்நானத்துக்கும் வாயால் அறிக்கையிடுவது முக்கியம். வாய் திறவாதவர் வாசலில் நிற்கிறார்.

இந்தக் கேள்விக்கு 2007இல் பாப்பரசர் பதினாறாம் பெனடிக்ட் தம் நற்கருணை மடலில் ஒரு பதில் தந்தார். திருமுழுக்கும் உறுதிப்பூசுதலும் பெற்ற மனவளர்ச்சி குன்றியோருக்கு இயன்றவரை நற்கருணை தரப்பட வேண்டும். தம்மை உடன்கொண்டு வரும் குடும்பத்தின் அல்லது சமூகத்தின் விசுவாசத்திலும் அவர்கள் அதைப் பெறுகிறார்கள் என்பது அதன் சாரம். மாற்குவின் நற்செய்தியில் நான்கு பேர் ஒரு முடக்குவாதக்காரரைக் கட்டிலோடு தூக்கிவந்து, கூட்டம் வழிவிடாததால் கூரையைப் பிரித்து இறக்குகிறார்கள். இயேசு பார்த்தது தூக்கி வந்தவர்களின் விசுவாசத்தை என்கிறது அந்தக் கதை. படுத்திருந்தவரிடம் அவர் பாடம் ஒப்பிக்கச் சொல்லவில்லை. ஆக, கேள்வி இடம் மாறுகிறது. அவருக்கு என்ன புரியும் என்பதல்ல. அவரைத் தூக்கிவர நான்கு பேர் இருக்கிறார்களா என்பதே கேள்வி.

ஒரு காலத்தில் அந்த நான்கு பேர்கூட இல்லாதவர்கள்தான் ஓர் உலக இயக்கத்துக்குக் காரணமானார்கள். 1960களின் பிற்பகுதியில் பிரான்ஸில் ப்ரொஃபீ தம்பதி, கடுமையான குறைபாடுகளுள்ள தங்கள் இரண்டு மகன்களோடு லூர்து திருத்தலத்துக்குப் போக விரும்பினார்கள். மறைமாவட்டத் திருப்பயணக் குழு சேர்த்துக்கொள்ளவில்லை. பிள்ளைகளுக்கு ஒன்றும் புரியாது, மற்றவர்களுக்குத் தொந்தரவு என்பதுதான் காரணம். தனியாகவே போனார்கள். இடம் கிடைத்த ஓட்டலில் சாப்பாட்டுக் கூடத்துக்கு வரக்கூடாது, அறையிலேயே சாப்பிட வேண்டும் என்று நிபந்தனை. திருத்தலம்வரை போயும் அவர்களுக்குச் சாத்திய அறைதான் வாய்த்தது.

இந்தக் கதையைக் கேட்ட மரீ எலேன் மத்தியூவும் ழான் வனியேவும் 1971 ஈஸ்டரில் லூர்துக்கு ஒரு திருப்பயணத்தை ஏற்பாடு செய்தார்கள். 15 நாடுகளிலிருந்து 12,000 பேர் வந்தார்கள். அவர்களில் சுமார் 4,000 பேர் அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள். இந்தப் பயணத்துக்கு ஆயத்தமாக ஊர் ஊராகச் சிறு குழுக்கள் அமைக்கப்பட்டிருந்தன. ஊர் திரும்பிய பிறகும் அந்தக் குழுக்கள் கலைய மறுத்தன. ஃபெய்த் அண்ட் லைட் இயக்கம் அப்படித்தான் பிறந்தது. இன்று பல பத்து நாடுகளில் அதன் குழுக்கள் இருக்கின்றன. குழுவுக்கு ஏறக்குறைய முப்பது பேர்: குறைபாடு உள்ளவர்கள், அவர்களுடைய பெற்றோர், இளைஞர்களான நண்பர்கள். மாதம் ஒருமுறையாவது சந்திப்பு. பேச்சும் பகிர்வும் ஒரு பகுதி, ஜெபம் ஒரு பகுதி, கொண்டாட்டம் ஒரு பகுதி. நற்செய்தியை வாசிப்பதோடு நடித்தும் பார்ப்பார்கள். பிறந்தநாளை யாரும் மறப்பதில்லை.

இவற்றைவிட முக்கியமானது, அவர்கள் 'நான்காவது நேரம்' என்று சொல்லும் ஒன்று. ஒரு சந்திப்புக்கும் அடுத்த சந்திப்புக்கும் இடையில் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது, போன் செய்வது, சினிமாவுக்கு அழைத்துப் போவது, தாய் ஆஸ்பத்திரிக்குப் போகும் அன்று பிள்ளையோடு உட்கார்ந்திருப்பது. குழு நிஜமாகக் குழுவாவது அங்கேதான்.

வனியேவைப் பற்றி இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. அவர் 1964இல் பிரான்ஸில் தொடங்கிய லார்ஷ் இல்லங்களின் முதல் இந்திய வீடு, ஆஷா நிகேதன் என்ற பெயரில் 1970இல் பெங்களூரில் திறக்கப்பட்டது. பிறகு சென்னை, கொல்கத்தா, கேரளம் என்று விரிந்தது. இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்து, ஒருவர் பண்டிகையை மற்றவர் கொண்டாடும் வீடுகள் அவை. 2019இல் இறந்தபோது வனியேவை மகான் என்றார்கள். 2020இல் லார்ஷ் அமைப்பே வெளியிட்ட விசாரணை முடிவும், 2023இல் வெளியான ஆய்வுக் குழுவின் அறிக்கையும் வேறொரு மனிதரைக் காட்டின. ஆன்மிக வழிகாட்டல் என்ற பெயரில் குறைந்தது 25 பெண்களை அவர் பாலியல்ரீதியாகத் தவறாகப் பயன்படுத்தியிருந்தார். அவர்கள் குறைபாடு உள்ளவர்கள் அல்ல என்று அறிக்கை சொன்னது. அது ஆறுதல் ஆகிவிடாது. எளியவர்களைக் கவனித்துக்கொள்பவரைத் தெய்வப் பிறவியாக்கும் பழக்கம் எவ்வளவு ஆபத்தானது என்பதையே இது காட்டியது. எனவே சின்னக் குழுவுக்கும் சில கறாரான விதிகள் வேண்டும். எவ்வளவு நல்லவராக இருந்தாலும், குறைபாடு உள்ள ஒருவரோடு மூடிய அறையில் ஒருவரைத் தனியே விடக்கூடாது. எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும். தொடுவது, உடை மாற்ற உதவுவது எல்லாம் அவருடைய சம்மதமும் குடும்பத்தின் அறிதலும் இல்லாமல் நடக்கக்கூடாது. அவர் ஒருவரைக் கண்டு ஒதுங்கினால், ஏன் என்று கேட்க வேண்டும்.

தனிக் குழுக்கள் நல்லவைதான். ஆனால் அவை பாதிப் பிரச்னையையே தீர்க்கின்றன. "அவர்களுக்குத்தான் தனியாக ஒன்று நடக்கிறதே" என்று பங்கு நிம்மதிப் பெருமூச்சு விட்டுவிடலாம். இந்தியத் திருச்சபைக்கு ஸ்தாபனங்கள் நடத்துவதில் அனுபவம் அதிகம். அருட்சகோதரிகள் நடத்தும் சிறப்புப் பள்ளிகளும் காப்பகங்களும் நாடெங்கும் இருக்கின்றன. பல குடும்பங்களுக்கு அவை இல்லாவிட்டால் கதியில்லை. ஆனால் பகலில் அங்கே படிக்கும் மாணவர் மாலையில் திரும்புவது தன் தெருவுக்கு. அந்தத் தெருவின் ஜெபக்கூட்டத்தில் அவருக்கு இடமில்லை என்றால், பள்ளி தந்ததைத் தெரு பறித்துக்கொள்கிறது.

தெரு ஏன் முக்கியம் என்பதற்குப் பெற்றோரிடம் ஒரே பதில்தான் இருக்கிறது: "எங்களுக்குப் பிறகு யார்?" 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மனவளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்கள் நாட்டில் 15 லட்சம் பேர். கணக்கில் வராதவர்களையும் சேர்த்தால் இன்னும் கூடும். இவர்களில் மிகப் பெரும்பாலோர் காப்பகங்களில் இல்லை. பெற்றோரோடு வீட்டில் இருக்கிறார்கள். அந்தப் பெற்றோருக்கு வயதாகிறது. அண்ணன் துபாயில் இருக்கலாம், தங்கை புகுந்த வீட்டில் இருக்கலாம். 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, பதினெட்டு வயது கடந்தவருக்கும் காப்பாளர் நியமிக்கக் கோரி, மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர் கமிட்டியிடம் பெற்றோரோ உறவினரோ விண்ணப்பிக்கலாம். தாங்கள் விரும்பும் ஒருவரின் பெயரை அவர்கள் சொல்லலாம். அவர் ரத்த உறவாக இருக்க வேண்டிய அவசியமில்லை. சட்டம் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. ஆனால் யார் பெயரைச் சொல்வது? முப்பது ஆண்டுகளாக உள்ளறையில் இருந்த ஒருவரைத் தெருவில் யாருக்கும் தெரியாது. அவருக்கு இட்லி பிடிக்குமா, இடி இடித்தால் பயப்படுவாரா, வயிறு வலித்தால் எப்படிக் காட்டுவார் என்பது தாய்க்கு மட்டும்தான் தெரியும். தாய் போனால் அந்த அறிவும் போய்விடும். தெரியாத ஒருவருக்காக எந்த அண்டைவீட்டாரும் கையெழுத்துப் போட முன்வர மாட்டார். மாதம் ஒருமுறை ஒரே பாயில் உட்கார்ந்திருந்தால் அந்த அறிவு இருபது வீடுகளுக்குப் பரவியிருக்கும்.

இதற்குப் பணம் தேவையில்லை. கட்டடம் தேவையில்லை. முதலில், அழைப்பது. "குடும்பத்தோடு வாருங்கள்" என்று பொதுவாகச் சொன்னால், அதில் தன் பிள்ளை அடங்காது என்று அந்தத் தாய்க்குத் தெரியும். பெயரைச் சொல்லி அழைக்க வேண்டும். அடுத்தது, ஒரு வேலை. பாய் விரிப்பது, பாட்டுப் புத்தகம் கொடுப்பது, மணி அடிப்பது, மெழுகுவர்த்தியைப் பிடிப்பது என்று ஏதாவது ஒன்று, ஒவ்வொரு கூட்டத்திலும் அவருடையதாக இருக்க வேண்டும். அவர் வராத அன்று அந்த வேலை நடக்காமல் நின்றுபோக வேண்டும். அப்போதுதான் அது நிஜமான வேலை. கூட்டம் எப்போதும் ஒரே ஒழுங்கில் நடந்தால் அவருக்கு அடுத்து என்ன என்று தெரியும், பதற்றம் குறையும். விதை பற்றிய உவமை என்றால் கையில் ஒரு பிடி நெல்லைக் கொடுக்கலாம். உப்பு என்றால் உப்பு. எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாட்டைத் தவறாமல் பாடலாம். மூன்றாம் படிக்கும் நான்காம் படிக்கும் உரிய நேரத்தைத் திரும்பத் தரலாம்.

பக்கத்தில் உட்கார்வது தாயாக இல்லாமல் வேறொருவராக இருக்கட்டும். அந்தத் தாய்க்கும் ஒரு மணி நேரம் ஜெபிக்க வேண்டியிருக்கிறது. எழுந்து வெளியே போக நினைத்தால் போகட்டும், திரும்பி வரட்டும். முப்பது வயதுக்காரரைப் பாப்பா என்று கொஞ்சுவதை நிறுத்த வேண்டும். மரியாதைக்கு அறிவுத் தேர்வு கிடையாது.

செய்யக் கூடாதது ஒன்றும் உண்டு. உள்ளறைக் கதவு சாத்தப்படுவதற்குப் பல வீடுகளில் இதுவே காரணம். கூட்டத்துக்கு வருபவர் ஒருவர் பிள்ளையின் தலைமேல் கைவைத்துக் குணமாகும்படி உரத்த குரலில் ஜெபிக்கிறார். பிள்ளை மிரண்டு அழுகிறது. குணமாகவில்லை என்றதும், முன்னோர் செய்த பாவம் என்றோ தாயின் விசுவாசம் போதவில்லை என்றோ பேச்சு கிளம்புகிறது. பிறவிக் குருடரைக் கண்ட சீடர்களும் இதையேதான் கேட்டார்கள்: இவர் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா? இரண்டுமில்லை என்று இயேசு சொன்னதாக யோவான் எழுதியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை இதை வாசிக்கக் கேட்டவர்களே செவ்வாய்க்கிழமை ஒரு தாயிடம் அதே கேள்வியைக் கேட்கிறார்கள். டவுன் சிண்ட்ரோம் என்பது ஒரு குரோமோசோம் கூடுதலாக இருப்பது. அதற்கு யாரும் பாவமன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

கூட்டம் கலைந்துவிடாதா, மற்றவர்களின் கவனம் சிதறாதா என்று கேட்பவர்கள் உண்டு. சிதறத்தான் செய்யும். சில நாள் மன்றாட்டு நடுவில் ஒருவர் உரக்கச் சிரிப்பார். சுண்டலை முதலிலேயே கேட்பார். ஆழமான விவிலிய விளக்கம் பாதியில் நிற்கும். கைக்குழந்தை அழும்போதும், செவிட்டுத் தாத்தா நடுவில் கேள்வி கேட்கும்போதும் இதே கூட்டம் பொறுத்துக்கொள்ளத்தான் செய்கிறது. முப்பது பேர் கூடும் அறையின் சத்தத்தைத் தாங்க முடியாதவர்களும் இருக்கிறார்கள். ஆட்டிசம் உள்ள சிலருக்கு அது நிஜமான வேதனை. பிள்ளையை வெளியே காட்ட இன்னும் மனம் ஒப்பாத பெற்றோரும் உண்டு. அவர்களை வற்புறுத்துவது அன்பாகாது. அங்கே கூட்டத்திலிருந்து இரண்டு பேர் உள்ளறைக்குப் போகலாம். வாசகத்தின் ஒரு சொல்லைச் சொல்லிவிட்டுச் சற்று நேரம் உட்கார்ந்து வரலாம். மாதாமாதம் அதே இரண்டு பேர் போனால், அந்த வீட்டுக்கு அதுவே பெரிய மாற்றம்.

எங்கே தொடங்குவது என்று கேட்டால், பொறுப்பாளரின் நோட்டிலேயே தொடங்கலாம். தெருவிலுள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் எதிரே குடும்பத்தலைவர் பெயரும் ஆட்களின் எண்ணிக்கையும் எழுதியிருக்கும். ஏதாவது ஒரு வீட்டுக்கு எதிரே நான்கு என்று இருக்கும். அந்த வீட்டில் ஐந்து பேர். அடுத்த கூட்டத்துக்கு முன் ஒருவர் போய் அந்த ஐந்தாவது பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு வரட்டும்.